கழுத்தில் வராத சத்தம்

பத்து மாதமாக அந்த வீட்டில் பாட்டில் உருளும் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. டக், டக், டக்.

குடியை விட்டவனின் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமல்லவா? அவன் விரல்களை முறிக்க ஆரம்பித்தான். பிறகு மணிக்கட்டு. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு. கடைசியில் கழுத்து. ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில், கண்ணை மூடிக்கொண்டு ஒரே திருகு. பெயின்ட் அடிக்கப் போகிற இடத்தில் அவனுக்குச் 'சொடக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

அம்மா வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அவன் மனைவி திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. "இன்னொரு தடவை அந்த நாத்தம் இந்த வாசல்ல நுழைஞ்சா, பெட்டியைக் கட்டிடுவேன். அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்று அவள் சொன்னதையும், அவன் தலையை ஆட்டியதையும் போன வாரம் பார்த்தோம்.

இந்த வாரம் பொழுது விடிந்ததே அவன் கழுத்தோடுதான்.

"எட்டு... ஒன்பது... பத்து!" என்று மகள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "அடுத்து கழுத்துப்பா!"

அவன் தாடையைப் பிடித்தான். திருகினான். சத்தம் வரவில்லை. மறுபக்கம் திருகினான். அதுவும் இல்லை.

"வரமாட்டேங்குது" என்றான், ஏதோ பறிகொடுத்தவன் மாதிரி.

"வராட்டி விடுங்களேன். அந்தச் சத்தத்தை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்றாள் அவள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

"நீ சும்மா இரு. மூணு நாளா அண்ணாந்து பாத்து சீலிங் அடிக்கிறேன். கழுத்து கட்டை மாதிரி இறுகிக் கிடக்கு. ஒரு சத்தம் வந்தாப் போதும், விட்டுப் போயிடும்."

"உடம்பா அது, பழைய கதவா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் தடவியபடி படி இறங்கிப் போனான். அவள் அவனை ஒழுங்காக நிமிர்ந்து நடக்கிறவனாகப் பார்த்தது அதுதான் கடைசி.

பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலை இடைவேளையில் லாக்கரைத் திறந்தால், திரை நிறைய ஒரே பெயர். மேஸ்திரி.

மேஸ்திரி என்றால் வேறு யாரும் இல்லை, அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணன்தான். பெயின்ட் கான்ட்ராக்ட் எடுத்து ஆள் வைத்து வேலை செய்கிறவர். குடித்துக் கெட்டுப் போன தம்பியைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டவரும் அவரே. அவள் அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

"என்ன மாமா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க?"

"அம்மாடி... எப்படிச் சொல்றது. உன் வீட்டுக்காரன் பழையபடி ஆரம்பிச்சுட்டான்."

அவள் லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கவே முடியல. இடதுபக்கமா சரிஞ்சு சரிஞ்சு விழறான். ரெண்டு தடவை வாந்தி. பேச்சு குழறுது. விக்கல் வேற விடாம அடிக்குது. எங்க ஊத்திக்கிட்டு வந்தான்னே தெரியல. வண்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டுவரவா?"

பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை. மகள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் அப்பாவின் விரல்களை எண்ணிய பிள்ளை, அவரை அந்தக் கோலத்தில் வாசலில் பார்ப்பாள்.

"வேண்டாம் மாமா. அங்கேயே கிடக்கட்டும்."

"அம்மாடி..."

"பொண்ணு கண்ணுல படவேண்டாம். தெளிஞ்சப்புறம் எங்க வேணா போகச் சொல்லுங்க. எனக்கும் அந்த ஆளுக்கும் இனிமே ஒண்ணும் இல்ல. செத்தாலும் சொல்லி அனுப்பாதீங்க."

போனை அணைத்து லாக்கருக்குள் எறிந்தாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"பத்து மாசமா நாடகம்டி. நான்தான் கைதட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பெட்டி பெட்டியாக டேப் ஒட்டினாள். ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். சூப்பர்வைசர் கத்தியதும் அவள் காதில் விழவில்லை. மனத்துக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மகளின் துணி முதலில். பிறகு புத்தகம். தையல் மெஷினை யார் தூக்குவது?

வேலை முடிந்து அவள் பஸ் ஏறியது இரக்கப்பட்டு இல்லை. முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்றுதான். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் வரும்போது அந்த நாலு கேள்வியையும் ஒன்றுக்கு இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டும் வந்தாள்.

அவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இடம் புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடம். பெரிய ஹாலில் சாரம் நின்றது. சீலிங்கில் பாதி வெள்ளை, பாதி சிமென்ட் நிறம். ஆட்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் ஏணிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காட்டினார்.

பெயின்ட் டின்களுக்கு நடுவே, பழைய துணியை விரித்து அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பக்கெட். டிபன் பாக்ஸ் மூடியே திறக்கப்படாமல் இருந்தது.

"எந்திரிங்க" என்றாள். "நல்லாத் தெளிஞ்சுதா?"

அவன் கண்ணைத் திறந்தான். இடது கண் பாதிதான் திறந்தது. வாயைத் திறந்தான். "கு... க்க..." என்று ஏதோ வந்தது. அதற்குள் விக்கல் வந்து வார்த்தையை வெட்டியது.

"பேசாதீங்க. வாயைத் திறந்தா..."

பாதியில் நிறுத்தினாள். நாற்றத்தைப் பிடித்துவிடலாம் என்று குனிந்தவள் அவள். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நாற்றம் வந்தது, வாந்தி நாற்றம் வந்தது. அவள் எதிர்பார்த்த நாற்றம் வரவில்லை. இன்னும் கிட்டே போனாள். வரவில்லை.

குடித்தால் அவன் எப்படி இருப்பான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? உரக்கப் பேசுவான். எல்லோரையும் கட்டிப்பிடிப்பான். செருப்பைத் தேடுவான். இப்படி ஊமை மாதிரி கிடந்து, கண்ணோரம் தண்ணீர் வழிய, கழுத்தையே தொட்டுத் தொட்டுக் காட்டமாட்டான்.

"இந்தாம்மா, சூடா ஸ்ட்ராங் டீ. குடுத்தா இறங்கும்" என்று ஆள் ஒருவர் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கிய அவசரத்தில் டீ தளும்பி அவனுடைய வலது கைமேல் கொட்டியது.

அவன் கையை இழுக்கவில்லை. தோல் சிவந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், யார் கைமேலோ கொட்டின மாதிரி.

டம்ளரை அவன் இடது கைமேல் மெல்ல வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"குடிச்சவனுக்கும் சுடுமே!" என்று அவள் கத்தினாள். "மாமா! மாமா! வண்டியை எடுங்க! இவர் குடிக்கல! இவருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மேஸ்திரி ஓடிவந்தார். தம்பியைத் தூக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தைத் தொடாமலே தூக்கினார்.

வேனின் பின்பக்கம் பெயின்ட் டின்கள் ஒன்றோடொன்று மோதின. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகை பார்த்த கேள்விகளில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் "இதோ வந்துட்டோம்" என்று சொன்னாள். எங்கே வந்துவிட்டோம் என்று அவளுக்கே தெரியாது. ஜன்னல் இல்லாத வேன் அது.

ஆஸ்பத்திரியில் அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து நின்றார். நின்றபடியே பேசினார்.

"கழுத்துக்குள்ள, எலும்பை ஒட்டி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஏறுது. உங்க வீட்டுக்காரருக்கு அதோட உள்பக்கம் கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச இடத்துல ரத்தம் கட்டி, அதுல ஒரு துணுக்கு மேல போய் அடைச்சிருக்கு. இது பக்கவாதம்."

"கை கால் எல்லாம் அசையுதே டாக்டர்?"

"இது பின்மூளைப் பக்கம்மா. இதுல தள்ளாடும், குழறும், வாந்தி வரும், விக்கல் வரும். நிறையப் பேர் போதைன்னு நினைச்சுடுவாங்க. கழுத்துல அடிகிடி பட்டுதா? யாராவது திருகினாங்களா?"

"அவரே நெட்டி முறிப்பார். தினமும். விரல், முதுகு, எல்லாம்..."

"விரல்ல ஒண்ணும் இல்ல. ஆயுசு முழுக்க சொடக்கு எடுக்கிறவங்க இருக்காங்க. முதுகை நெளிச்சா சத்தம் வர்றதும் பெரும்பாலும் பயப்படற விஷயம் இல்ல. கழுத்தை மட்டும் பிடிச்சு வேகமாத் திருகக் கூடாது. அப்படித் திருகியும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆகுது. அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே சொல்ல முடியாது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்போ ஆரம்பிச்சது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மத்தியானம்" என்றார் மேஸ்திரி. "சாப்பாட்டுக்கு அப்புறம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ரெண்டு மணி இருக்கும்."

"அப்போ நேரம் இருக்கு." டாக்டரின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தயார் பண்ணச் சொல்றேன்."

அவர் உள்ளே போனார். நர்ஸ் பின்னாலேயே போனாள். நடைபாதையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"மாமா, நீங்க எனக்குப் போன் பண்ணது காலையில."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். "சொல்லாதேம்மா."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பயந்துட்டேன். எங்க ஆளுங்க வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டு உண்டு. ஆளாளுக்குக் கழுத்தை முறிக்கணும். யாருக்குச் சத்தம் வரலையோ, அவன் எல்லாருக்கும் டீ வாங்கணும். இவன் தோத்ததே இல்ல. இன்னிக்கு வரல. எல்லாரும் ஓட்டறானுங்க. இவனும் சிரிச்சுக்கிட்டே திருப்பித் திருப்பி முறிக்கிறான். நான்தான்... நான்தான் பின்னால போய், 'நகருடா, அண்ணன் எடுத்து விடறேன்'னு தலையைப் பிடிச்சேன்."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள்.

"சத்தம் வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. சாரத்துல கால் வைக்கப் போனான், சரிஞ்சுட்டான். நரம்பு பிசகியிருக்கும், எதிர்ப்பக்கம் திருகினா நேராயிடும்னு இன்னொரு தடவை திருகினேன். அதுக்கப்புறம்தான் வாந்தி. பழைய ஞாபகத்துல, எவனோ ஒருத்தன் 'தண்ணி போட்டிருக்கான்'னான். எனக்கும் அப்படியே இருந்துட்டாத் தேவலைன்னு தோணிச்சு."

"மாமா..."

"கத்து. அடி. என்ன வேணா பண்ணு. இப்போ மட்டும் வாயைத் திறக்காதே. ஊசி இருக்குங்கறார்ல? போடட்டும். போட்டா பொழச்சுக்குவான். நேரத்தைச் சொன்னா போடமாட்டாங்க. உன் புருஷன்மா அவன்! என் தம்பி!"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவ்வளவு சின்ன பாட்டில். அதற்குள் இருப்பது போதும், அவன் நாளைக்கே எழுந்து உட்கார்ந்து விரல் முறிப்பான். மகள் எண்ணுவாள். காலையில் போன் வந்தது என்று யாருக்கும் தெரியவேண்டாம். காலையிலிருந்து அவனை அங்கேயே போட்டுவைக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கதவைத் தள்ளினாள்.

"டாக்டர், நேரம் தப்பா இருந்தா என்ன ஆகும்?"

"எந்த நேரம்?"

"ஆரம்பிச்ச நேரம். அது இன்னும் முன்னாடியா இருந்தா?"

டாக்டர் நிமிர்ந்தார். "நேரம் கடந்து போட்டா, மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். அப்படிக் கசிஞ்சா அதை நிறுத்தறது கஷ்டம். ஏம்மா?"

பின்னால் மேஸ்திரி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"காலையில" என்றாள். "வேலை ஆரம்பிக்கும்போதே. எனக்குப் போன் வந்துச்சு. நான்தான் கொண்டுவர வேண்டாம்னுட்டேன்."

நர்ஸின் கை நின்றது. டாக்டர் சில நொடி அவளையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"அதை எடுத்து வைங்க" என்றார் நர்ஸிடம். பிறகு அவளிடம், "நல்ல வேளை சொன்னீங்க. இப்போ வேற மருந்துதான். கட்டி மேல மேல சேராம இருக்க. கரைக்க முடியாது. இன்னிக்கும் நாளைக்கும் மூளை வீங்காம இருக்கணும். முழுங்கறதுக்கு அவருக்குச் சரியா வரல, அதனால ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில ஊத்தக் கூடாது. மத்தது பாக்கலாம்."

"பொழச்சுக்குவாரா?"

"பாக்கலாம்மா."

அவள் வெளியே வந்தபோது மேஸ்திரி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கைவிரல்கள் தாமாகவே ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்ததும், சுடுபட்டவர் மாதிரி இரண்டு கையையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

"கெடுத்துட்டியே" என்றார். "இருந்த ஒரு வழியையும் அடைச்சுட்டியே."

"அது வழி இல்ல மாமா. அது இன்னொரு திருகு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொண்ணையும் சொல்லிடறேன். உனக்குப் போன் பண்ணப்போ அவன் என் பக்கத்துலதான் கிடந்தான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பொண்டாட்டி திட்டறதைக் கேட்டாலாவது புத்தி வரட்டும்னு."

அவளுக்குச் சுவர் தேவைப்பட்டது. கையை நீட்டினாள். சுவர் தூரமாக இருந்தது.

"எல்லாம் கேட்டாரா?"

"கேட்டான். அப்புறம்தான் அழுதான். குடிச்சவன் அழறான்னு எங்க ஆளுங்க சிரிச்சாங்க."

உள்ளே போக அவளை மட்டும் விட்டார்கள். கழுத்து அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மெத்தை வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். வலது கையில் டீ கொட்டிய இடம் சின்னதாகக் கொப்பளித்திருந்தது. அதை அவள் தொட்டாள். அவனுக்கு வலிக்கவில்லை. சுற்றிப் போய் இடது கையைப் பிடித்தாள். அந்தக் கை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நல்ல பலமாகத்தான் பிடித்தது.

அவன் வாயைத் திறந்தான். உதடு ஒருபக்கமாகப் போனது. நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் சொல்லி, ஒருவருக்கும் புரியாமல் போன வார்த்தையை, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சேர்த்தான்.

"கு... டிக்... கல."

"தெரியும்ங்க" என்றாள் அவள். கண்ணீர் அவன் கைமேல் விழுந்தது. "எனக்குத் தெரியும். நீங்க குடிக்கல. தெரியும்."

விக்கல் ஒன்று வந்து போகட்டும் என்று அவன் காத்திருந்தான். பாதி மூடிய அந்த இடது கண்ணும், முழுதாகத் திறந்திருந்த வலது கண்ணும் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"எப்போ..." என்றான். மூச்சை இழுத்துக்கொண்டான். "எப்போ... லேருந்து?"